காட்டுத் திட்டத்தில் ஊர்ச்சொல் ஏற வேண்டுமா? ஒரு பழைய ஊராட்சிச் செயலரின் வழிக்குறிப்பு

காட்டைப் பற்றிய முடிவில் ஊர் மக்களையும் கேட்க வேண்டும் என்று மேடையில் எல்லோரும் சொல்வார்கள். சரி, எந்தத் தாளில், எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்தோடு கேட்பது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது கேள்விக்காக.

நான் ஈரோடு மாவட்டத்தில் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிவாரத்திலும் வேலை பார்த்தேன், மலைமேலும் பார்த்தேன். தீர்மானப் புத்தகம் எழுதியதுதான் என் முக்கால்வாசி உத்தியோகம். இப்போது மலை ஊர்க்காரர்கள் யாராவது கூப்பிட்டால் போய் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். பர்கூர் மலையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வால்பாறை, கூடலூர், ஜவ்வாது மலை, கல்வராயன் மலைக்காரர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் யார் சத்தமாகப் பேசினார்கள் என்பதால் எந்தக் காட்டுத் திட்டமும் மாறி நான் பார்த்ததில்லை. கூட்டத்துக்கு முன்னால் ஊர் தயாரித்து வைத்த தாளும், கூட்டம் முடிந்ததும் புத்தகத்தில் ஏறிய வரியும்தான் பிற்பாடு பேசும். ஆகவே உழைப்பில் பெரும்பங்கைக் கூட்டத்துக்கு முன்பே செலவழியுங்கள்.

எந்தத் தாள் என்று முதலில் பாருங்கள்

"வனத்துறை என்னமோ திட்டம் கொண்டு வருதாம்" என்று டீக்கடையில் சேதி வரும். அந்த என்னமோ எது என்று கண்டுபிடிக்காமல் மனு எழுத உட்காராதீர்கள். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, ஊர் நுழையும் இடமும் வேறு.

சரணாலயத்தையோ தேசியப் பூங்காவையோ சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது சில வேலைகளுக்குக் கட்டுப்பாடு உள்ள சுற்றுவட்டம், அறிவிப்பதாக இருந்தால், மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முதலில் அரசிதழில் வரைவு வெளியிடும். அதிலிருந்து 60 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபமோ யோசனையோ அனுப்பலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2014 முதல் திரும்பத் திரும்ப வெளியிடப்படும் வரைவும் இந்த வகைதான். அதன் ஆறாவது பதிப்பு 2024 ஜூலை 31 அன்று வந்தது. புலிகள் காப்பகத்தின் வெளிவட்டம் என்றால், அதன் எல்லையைச் சம்பந்தப்பட்ட கிராம சபையைக் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38வி பிரிவு சொல்கிறது. வனக்கோட்டத்தின் பத்தாண்டுச் செயல்திட்டத்துக்கு இப்படி அரசிதழ் அறிவிப்பெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அதைத் தயாரிக்கிற அலுவலரை நாமே தேடிப் போக வேண்டும்.

சரணாலயம்தான் இடக்கானது. பர்கூர் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பட்ஜெட்டில் அறிவித்து, 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி பக்கத்துக் காடுகள் சுமார் 800 சதுர கிலோமீட்டரைத் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயமாக ஆக்கினார்கள். முன்கூட்டி ஊரைக் கேட்டார்களா என்று பலர் என்னிடம் கோபப்பட்டார்கள். விஷயம் என்னவென்றால், அந்த இடம் ஏற்கெனவே காப்புக் காடு. காப்புக் காட்டைச் சரணாலயமாக்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி அரசு நேரடியாக அறிவிக்கலாம். மற்ற நிலங்களுக்கு உள்ளது போல உத்தேச அறிவிப்பு, உரிமை விசாரணை என்று அங்கே படிப்படியாகப் போவதில்லை.

அப்படியானால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. அறிவிப்புக்குப் பிறகு மேலாண்மைத் திட்டம் என்று ஒன்று தயாராக வேண்டும். எங்கே மேய்க்கலாம், எந்தப் பாதை திறந்திருக்கும், எந்தக் குட்டையைத் தூர்வாருவது, உண்ணிச்செடியை எங்கே வெட்டுவது எல்லாம் அதில்தான் வரும். 2022-ல் அதே சட்டத்தைத் திருத்தியபோது 33-ஆம் பிரிவில் ஒரு வாசகம் சேர்த்தார்கள். வன உரிமைச் சட்டம் (காட்டை நம்பி வாழ்வோரின் உரிமைகளை அங்கீகரிக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம்) பொருந்தும் பகுதியில் சரணாலயம் இருந்தால், கிராம சபையை முறையாகக் கலந்து தயாரித்த மேலாண்மைத் திட்டப்படியே அதை நிர்வகிக்க வேண்டும் என்பது அதன் சாரம். மலை ஊர்களுக்கு இன்றைக்குக் கையில் இருக்கும் நல்ல பிடி இது. அறிவிப்பை எதிர்த்துக் கொடி பிடித்தவர்களில் எத்தனை பேர் இந்த வரியைப் படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அதாவது அரசியலமைப்பின்படி பழங்குடிப் பகுதியாக அறிவித்த இடம், ஒன்றுகூடக் கிடையாது. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே செல்லாது. வடமாநிலத்து மாதிரி மனுவைப் பார்த்து அப்படியே எழுதி, "பெசா சட்டப்படி எங்கள் கிராம சபைக்கு அதிகாரம் உண்டு" என்று ஆரம்பித்தால், மனுவை வாங்குகிற எழுத்தர் முதல் வரியிலேயே ஓரம் வைத்துவிடுவார்.

வரைவும் வரைபடமும் கைக்கு வரட்டும்

வரைவு ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொல்லி, கருத்துச் சொல்லும் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது டெல்லி உயர் நீதிமன்றம். மத்திய அரசின் சட்டம், விதி எதுவானாலும் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்பது 2014 முதல் அவர்களே வைத்துக்கொண்ட கொள்கை.

தமிழ்ப் பிரதி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஊரில் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தியாவது இருப்பாள். எல்லை விவரம் வரும் இணைப்பு, தடை செய்யப்பட்டவை பட்டியல், கண்காணிப்புக் குழுவில் யார் யார் என்பது, இந்த மூன்றையும் மட்டும் அவளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மீதி முன்னுரையும் பறவைப் பட்டியலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வரைபடம் இல்லாத வரைவு பாதி வரைவு. சர்வே எண், காப்புக் காட்டின் பெயர், எல்லைக்கல் இவை தெரிந்தால்தான் நம் மாட்டுப்பட்டி உள்ளே வருகிறதா வெளியே நிற்கிறதா என்று சொல்ல முடியும். கேட்டுக் கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் 4(1)(சி) பிரிவைக் குறிப்பிடுங்கள். முக்கியக் கொள்கை வகுக்கும்போது அது தொடர்பான எல்லா விவரங்களையும் அரசே வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. 60 நாள் கெடுவில் 30 நாள் இதற்கே போய்விடும் என்பதால், சேதி கேட்ட அன்றே இந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.

பட்டிக்கும் அடுப்படிக்கும் போங்கள்

இதுதான் பெரிய வேலை. படித்தவர்கள் பெரும்பாலும் சுருக்கிவிடுகிற வேலையும் இதுதான். நாலு பேரை ஜீப்பில் ஏற்றி ஒரே மதியத்தில் ஏழு ஊர் பார்த்துவிட்டு, "மக்கள் கருத்துக் கேட்டோம்" என்று அறிக்கை எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் மாடு மேய்ப்பவர் மாட்டோடு இருப்பார். தேன் எடுப்பவர் காட்டில் இருப்பார். பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். ஊரில் இருப்பது பெட்டிக்கடைக்காரரும் நாய்களும்தான்.

பொழுது சாய்ந்து போங்கள். ராகி, சாமை அறுவடை நேரத்தில் போகாதீர்கள். பட்டி போட்டிருக்கிற இடத்துக்கே போய், மாடு அடைத்த பிறகு உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். "சரணாலயத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் "நாங்க என்ன சொல்றதுங்க, பெரியவங்க பார்த்துச் செய்யுங்க" என்றுதான் பதில் வரும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மழை பெய்தால் மாட்டை எந்தப் பக்கம் ஓட்டுவீர்கள், கோடையில் எங்கே தண்ணீர் காட்டுவீர்கள், இருபது வருடத்துக்கு முன்னால் புல் எங்கே இருந்தது, இப்போது உண்ணிச்செடி எங்கே ஏறியிருக்கிறது, யானை எந்த மாதம் எந்தப் பள்ளத்தில் இறங்கும். ராத்திரி பத்து மணி ஆனாலும் நிறுத்த மாட்டார்கள்.

கேட்டதைத் தரையில் போடுங்கள். கோலமாவில் ஓடை, சாம்பலில் பாதை, புளியங்கொட்டையில் பட்டி, கல்லில் கோயில். ஒருவர் போட்டதை இன்னொருவர் திருத்துவார், அந்தச் சண்டையில்தான் சரியான படம் கிடைக்கும். பிறகு அதை வெள்ளைத்தாளில் பெயர்த்து, இரண்டு இளைஞர்களை மறுநாள் மேய்ப்பவரோடு அனுப்பி, போன் ஜி.பி.எஸ்.ஸில் ஒவ்வொரு இடத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். வனத்துறைப் படத்தில் ஒரு பள்ளத்துக்கு ஒரு பெயர் இருக்கும், ஊரில் வேறு பெயர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் இரண்டு தரப்பும் இரண்டு இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், பெண்ணே போய்க் கேட்கட்டும். விறகு, சீமாறு புல், நெல்லிக்காய், கடுக்காய், பூந்திக்கொட்டை, குடிதண்ணீர் எல்லாம் அவர்கள் கணக்கு. ஆண்கள் போடும் படத்தில் மேய்ச்சல் வழி பளிச்சென்று இருக்கும், ஊற்று இருக்காது.

ஊர் என்றால் ஒரே கருத்து என்று நினைக்காதீர்கள். பர்கூரில் மாடு வைத்திருக்கும் லிங்காயத்துக் குடும்பத்தின் தேவை வேறு, காட்டில் சிறுபொருள் சேகரிக்கும் சோளகர் பழங்குடிக் குடும்பத்தின் தேவை வேறு. மாடே இல்லாத வீட்டுக்காரர், "பயிரை யானை தின்னுது, அகழி வெட்டினால் போதும், மேய்ச்சல் எனக்கு எதுக்கு?" என்பார். கீழ்நாட்டுக்காரர் மாட்டைக் கூலிக்கு வாங்கி மேய்ப்பவரும் உண்டு. அவரைப் பற்றி ஊருக்குள்ளேயே முணுமுணுப்பு இருக்கும். இதையெல்லாம் மூடி மறைத்து "அனைவரும் ஒருமித்த கருத்தாக" என்று எழுதினால், அடுத்த வாரமே யாராவது ஒருவர் அலுவலகத்தில் போய் வேறு மாதிரி சொல்லுவார், மொத்தத் தாளும் செல்லாக்காசாகும். வேறுபாட்டை அப்படியே எழுதுங்கள். இத்தனை வீடு இப்படி, இத்தனை வீடு அப்படி. எழுதிய பிறகு ஊரே ஒரு ஏற்பாட்டுக்கு வருவதும் உண்டு. வெளிமாட்டுக்கு வரம்பு வைப்போம் என்று ஊர் தானே முன்வந்து எழுதிக் கொடுத்தால், வனத்துறையிடம் நம் பேச்சுக்கு எடை கூடும்.

வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலர் அதே ஊர்ப் பையன்கள். தற்காலிக வேலை. அவர்களை எல்லோர் முன்னாலும் நிறுத்தி "நீ யார் பக்கம்?" என்று கேட்காதீர்கள். காட்டை அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. தனியாகக் கேட்டால் சொல்வார்கள்.

கிராம சபை

சேகரித்த தாளுக்குச் சட்ட உயிர் கொடுப்பது கிராம சபைதான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. கெடு நடுவில் வந்தால் சிறப்புக் கிராம சபை கேட்டு எழுதுங்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். ஈரோடு உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து பலருக்கும் வரும் சந்தேகம் இது.

கூட்டப்பொருளில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லுங்கள். பத்து நாளுக்கு முன் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "இதர பொருள்கள்" என்ற கடைசி வரிசையில் விட்டீர்களானால், கூட்டம் கலைகிற நேரத்தில்தான் உங்கள் முறை வரும்.

குறைவெண்ணை, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதை, சரிபாருங்கள். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வன உரிமைச் சட்டத்தின்கீழ் கூடும் கிராம சபைக்குக் கணக்கே வேறு. உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். மலையில் ஒரு ஊராட்சிக்கு முப்பது குக்கிராமம் இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரை நாள் நடை. அதனால்தான் வன உரிமைக்குக் குக்கிராம அளவில் சபை கூட்டுங்கள் என்று மக்கள் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, விடாமல் கேளுங்கள்.

தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள். செயலருக்கு அன்றைக்கு இருபது பொருள் இருக்கும். உங்கள் வாசகத்தை நீங்களே கொடுத்தால் அப்படியே எழுதிவிடுவார். கொடுக்காவிட்டால், "வனத்துறை தொடர்பான கோரிக்கை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வரி. நானே அப்படி எழுதியிருப்பேன். இப்படி ஒரு மாதிரி போதும்:

"பொருள்: சரணாலய மேலாண்மைத் திட்டம். மேற்படி திட்டம் தயாரிக்கும் முன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 33-ஆம் பிரிவின்படி இக்கிராம சபையைக் கலந்தாலோசிக்குமாறும், வரைவையும் வரைபடத்தையும் தமிழில் இச்சபைக்கு அளிக்குமாறும், இணைப்பு 1-இல் கண்ட மேய்ச்சல் வழிகள், நீர்நிலைகள், கோயில் இடங்களை வரைபடத்தில் குறிக்குமாறும் தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கோரித் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு இத்தனை பேர். மாற்றுக் கருத்துத் தெரிவித்தோர் இத்தனை பேர், அவர்கள் கருத்து இணைப்பு 2."

அதன் கீழே வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வருகைப் பதிவேட்டுக்கும் அப்படியே. கையெழுத்தான பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுங்கள். சான்றிட்ட நகலை எழுத்தில் கேளுங்கள். இதெல்லாம் சின்னத்தனமாகத் தெரியும். வெற்றிடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வரி முளைத்த புத்தகத்தை நான் ஒரு ஊரில் பார்த்திருக்கிறேன், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை.

வனச்சரகரைக் கூட்டத்துக்கு எழுத்தில் அழையுங்கள். வந்தால் மேடையில் ஏற்றாதீர்கள், எல்லோரும் ஒரே பாயில் உட்காருங்கள். அவரை முதலில் பேசவிட்டால் ஊர் பதில் சொல்லும் நிலைக்குப் போய்விடும். ஊர்ப் படத்தை விரித்து, பெரியவர்களும் பெண்களும் பேசி முடித்த பிறகு அவர் பேசட்டும். நல்ல அலுவலர்கள் பலர் அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து குனிந்து பார்ப்பார்கள். அவர்களுக்கும் அது தேவைப்படுகிறது.

தீர்மானத்துக்கு என்ன மரியாதை என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்வேன். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சபை கூடிய 12 ஊரும் வேண்டாம் என்றன. நம் பக்கத்தில் மேலூர் அரிட்டாபட்டி. அது காட்டுத் திட்டம் இல்லை, டங்ஸ்டன் சுரங்க ஏலம். 2024 நவம்பர் 23 கிராம சபையில் அந்த வட்டாரத்து ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் தீர்மானம், 2025 ஜனவரியில் மதுரைக்குப் பேரணி, அதே மாதம் 23-ல் ஏலம் ரத்து. தீர்மானம் மட்டுமே அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022-லேயே அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமாக அரசிதழில் ஏறியிருந்தது. ஊர் பேசும்போது கையில் காட்ட ஒரு தாள் இருந்தது. உங்கள் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், பக்கத்து ஊர்ப் பதிவேட்டின் நகலாக இருந்தால் திருத்துங்கள்.

வன உரிமைச் சட்டத்தை ஓரம் வைக்காதீர்கள்

2006-ஆம் ஆண்டுச் சட்டம் என்றதும் எல்லோருக்கும் தனிப்பட்டாதான் நினைவுக்கு வருகிறது. காட்டுக் கொள்கையில் ஊர் பேச வேண்டுமென்றால் அதைவிடப் பெரியது 3(1)(ஐ): ஊர் வழக்கமாகக் காத்து வந்த காட்டை நிர்வகிக்கும் உரிமை. அதற்கான விண்ணப்பம் படிவம் 'சி', 2012 திருத்தத்தில் வந்தது. மேய்ச்சல் 3(1)(டி)-யில் வருகிறது, அதற்குப் படிவம் 'பி'. இந்த உரிமைகள் சரணாலயத்துக்குள்ளும் புலிகள் காப்பகத்துக்குள்ளும் செல்லும். நமக்குப் பக்கத்திலேயே, சத்தியமங்கலம் தாண்டி கர்நாடகத்தின் பி.ஆர். மலைப் (பிலிகிரிரங்கன் மலை) புலிகள் காப்பகத்தில் 2011-ல் சோளகர் ஊர்களுக்குச் சமூக வன உரிமை கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது 2008 முதல் 2016 வரை முடங்கிக் கிடந்ததால் நாம் பின்தங்கிவிட்டோம்.

பர்கூருக்கு இது ஏன் அவசரம்? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலுக்குத் தடை சொல்லி, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. வெறும் காப்புக் காடாக இருந்த இடம் சரணாலயம் ஆனதும் அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. மேய்ச்சல் உரிமையை வன உரிமைச் சட்டப்படி அங்கீகரிக்க வைப்பதுதான் இதற்கு உறுதியான பதில்.

விண்ணப்பத்துக்குக் குறைந்தது இரண்டு சான்று வேண்டும். பழைய மேய்ச்சல் சீட்டு, கெசட்டியர், பழைய வரைபடம், கிணறு, சுடுகாடு, கோயில், விண்ணப்பதாரர் அல்லாத பெரியவரின் எழுத்து வாக்குமூலம் எல்லாம் சான்றுதான். பழங்குடியல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு பர்கூர் மாடு என்று ஒரு இனமே அந்த மலைப் பெயரில் இருக்கிறது, அதற்குக் கால்நடைப் பல்கலைக்கழகம் அங்கேயே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. இனத்தைப் பற்றிய பழைய அரசு வெளியீடுகளையும் இணையுங்கள். விண்ணப்பம் கிராம சபையின் வன உரிமைக் குழு, கோட்டாட்சியர் குழு, ஆட்சியர் குழு என்று போகும். நிராகரித்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு.

இது ஒருபுறம் நடக்கட்டும். மேலாண்மைத் திட்டத்துக்கான கருத்து இன்னொருபுறம் போகட்டும். ஒன்று முடிந்தால்தான் மற்றது என்று காத்திருந்தால் இரண்டும் நழுவும்.

கருத்து எழுதும்போது

"எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும், ஆகவே திட்டத்தைக் கைவிட வேண்டும்" என்ற மனுவை யாரும் மறுக்க மாட்டார்கள், ஏற்கவும் மாட்டார்கள். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வரைவின் எந்தப் பத்தி, அதில் எந்த வாசகம், அதற்குப் பதில் எந்த வாசகம் என்று எழுதுங்கள். "பத்தி 4-இல் மேய்ச்சல் முழுவதும் தடை என்பதற்குப் பதிலாக, இணைப்பு 1-இல் காட்டிய வழிகளில் ஊர்ப் பட்டி மாடுகளுக்கு, கிராம சபை நிர்ணயிக்கும் எண்ணிக்கைக்குள் அனுமதி என்று மாற்றுக." படிக்கிற அலுவலர் அதை அப்படியே தன் குறிப்பில் எடுத்து எழுதலாம். எழுதுவதா வேண்டாமா என்பது பிறகு, எழுத வசதி செய்து கொடுங்கள்.

ஒரு தாளுக்கு ஒரு பொருள். மேய்ச்சல் மனுவில் ரோடும் பஸ்ஸும் ரேஷன் கடையும் சேர்க்காதீர்கள். ஊருக்கு ரோடு வேண்டும்தான், அதற்கு வேறு மனு. ஒரே வாசகத்தை அச்சடித்து ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவதைவிட, ஐந்து குக்கிராமம் ஐந்து வரைபடத்தோடு அனுப்புவது மேல். முன்னதை ஒரே மனுவாக எண்ணிவிடுவார்கள்.

ஊர் செய்யத் தயாராக இருப்பதையும் சேருங்கள். உண்ணிச்செடி வெட்டுவது, தீத்தடுப்புக் கோடு எடுப்பது, வெளிமாட்டைத் தடுப்பது. வன உரிமை விதிகளின் 4(1)(இ)-படி காட்டையும் விலங்கையும் காக்கக் கிராம சபை தன் உறுப்பினர்களிலிருந்து குழு அமைக்கலாம். குழுவை அமைத்து, பெயர்ப் பட்டியலை இணைத்து அனுப்புங்கள்.

ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் நகல். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே போகட்டும், மலையில் மழை பெய்தால் தபால் இறங்காது. தபால் ஒப்புகை, தீர்மான நகல், ஊர்ப் படம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, தலைவர் வீட்டில் இல்லாமல் மகளிர் குழுவிடம் கொடுத்து வையுங்கள். தலைவர் மாறினாலும் பைல் மாறாது.

அனுப்பிய பிறகு

பதில் வராது. பெரும்பாலும் வராது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் கருத்து எந்தத் தேதியில் கிடைத்தது, அதன்மீது எழுதப்பட்ட குறிப்பின் நகல், வந்த கருத்துகளைத் தொகுத்த பட்டியலின் நகல். ஏற்கவில்லை என்றால் காரணம் கேளுங்கள். பாதிக்கப்படுவோருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 4(1)(டி) சொல்கிறது.

இறுதித் திட்டம் வந்ததும் ஊர்ப் படத்தை அதன் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். ஏறியதைப் பச்சையிலும் விடுபட்டதைச் சிவப்பிலும் குறித்து அடுத்த கிராம சபையில் மாட்டுங்கள். விடுபட்டதற்கு மறுபடியும் ஒரு தீர்மானம். திட்டத்தின் காலம் எந்த வருடம் முடிகிறது என்பதைப் பைலின் மேலட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, அதற்கு இரண்டு வருடம் முன்பே அடுத்த திட்டத்துக்கான கடிதத்தைப் போடுங்கள். புதிய திட்டத்தின் வேலை அதற்குள் அலுவலகத்தில் ஆரம்பித்திருக்கும்.